விர்ஜினல் என்று ஒரு வாத்தியம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

லண்டனில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, நேஷனல் கேலரிக்குப் போனபோது எடுத்த ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஓவியத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு. அதில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால், 'விர்ஜினல் அருகே நிற்கும் இளம்பெண்'. கீழே அவள் கேள்வி: "டீச்சர், விர்ஜினல்னா கன்னித்தன்மை உள்ள, தூய்மையான அப்படின்னுதானே அர்த்தம்? அது பெயரடை ஆச்சே. அதுக்குப் பக்கத்துல ஒருத்தி எப்படி நிக்க முடியும்?"

இலக்கணம் மறக்காத பெண். முப்பத்து நாலு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததற்கு இந்த மாதிரி ஒரு கேள்வி போதும். அவளுக்குக் குரல் பதிவாக அனுப்பிய பதிலைத்தான் விரித்து இங்கே எழுதுகிறேன். பேசப் பேச அது நான் நினைக்காத இடத்துக்கெல்லாம் போய்விட்டது.

முதலில் பெயரடை. விர்ஜின் என்பது பெயர்ச்சொல், கன்னி. விர்ஜினல் என்பது அதிலிருந்து வந்தது: கன்னிக்குரிய, கன்னியைப் போன்ற, அதனால் மாசில்லாத, யாரும் தொடாத. லத்தீனில் 'விர்கோ' என்றால் கன்னி. நம் பஞ்சாங்கத்துக் கன்னி ராசியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள்? அதே விர்கோதான். ஷேக்ஸ்பியர் 'கோரியலேனஸ்' நாடகத்தில் இளம்பெண்களின் கைகளைச் சொல்லும்போது இந்தப் பெயரடையைப் போட்டிருக்கிறார்.

தமிழிலும் கன்னி என்ற சொல் பெண்ணோடு மட்டும் நின்றுவிடவில்லை. சட்டசபையில் ஒரு உறுப்பினர் முதல் தடவை பேசினால் கன்னிப்பேச்சு. முதல் தடவை மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர் கன்னிசாமி. அவருக்கு ஐம்பது வயதும் மூன்று பேரப்பிள்ளைகளும் இருந்தாலும் கன்னிசாமிதான்! ஆங்கிலத்திலும் அப்படித்தான், ஆள் ஏறாத பனிமலை, கோடரி படாத காடு எல்லாம் விர்ஜின். இப்போது செக்கில் ஆட்டியதோ என்னவோ, தேங்காயெண்ணெய் பாட்டிலிலும் 'விர்ஜின்' என்று போட்டு இரண்டு மடங்கு விலை வைக்கிறார்கள். சூடாக்காமல், ரசாயனம் சேர்க்காமல் எடுத்தது என்று பொருள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்கே அந்தப் பெயர், வர்ஜீனியா. மணம் முடிக்காமலே ஆண்ட முதலாம் எலிசபெத் ராணியின் நினைவாக வைத்தது. வகுப்பில் வர்ஜீனியா என்று வரும்போது இந்தக் காரணத்தைச் சொல்லாமல் தாண்டிப்போகிற ஆசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில்தான் அந்தத் தாண்டல் அதிகம். ஒரு சொல்லைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைத்தால், அதைச் சுற்றி அவர்கள் கட்டிக்கொள்ளும் கற்பனை சொல்லைவிடப் பெரிசாக இருக்கும் என்பது என் அனுபவம்.

இது பெயரடை. இனி பெயர்ச்சொல்.

விர்ஜினல் என்பது ஒரு வாத்தியம். பியானோவுக்குப் பாட்டி, ஹார்ப்சிகார்டுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள்சதுரப் பெட்டி. மேஜைமேல் தூக்கி வைத்துவிடலாம்; பலவற்றுக்குச் சொந்தமாகக் கால்கூடக் கிடையாது. மூடியைத் திறந்தால் குறுக்காகத் தந்திகள் ஓடும். ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு தந்தி. முன்னால் கட்டைகள், நம் ஆர்மோனியத்தில் இருப்பதுபோல.

ஆனால் ஆர்மோனியத்தில் காற்று, பியானோவில் சுத்தியல். இதில் இரண்டும் இல்லை. கட்டையை அழுத்தினால் அதன் பின்முனை மேலே எழும்பி, 'ஜாக்' என்கிற ஒரு மெல்லிய மரச் சட்டத்தைத் தூக்கும். அந்தச் சட்டத்தில் ஒரு சின்ன நாக்கு, நாக்கில் காக்கை இறகின் தண்டிலிருந்து சீவிய ஒரு துண்டு. அது தந்தியை மீட்டிவிட்டு மேலே போகும். விரலை எடுத்ததும் சட்டம் கீழே இறங்கும். இறங்கும்போது மறுபடி மீட்டிவிடக்கூடாது அல்லவா? அதற்காக நாக்கு பின்னால் சாய்ந்து தந்தியை வழுக்கிக்கொண்டு வரும். சாய்ந்த நாக்கை நிமிர்த்த ஒரு பன்றி மயிர், அதுதான் ஸ்பிரிங். கடைசியில் சட்டத்தின் தலையில் இருக்கும் கம்பளித் துணி தந்தியில் உட்கார்ந்து ஒலியை அடக்கிவிடும். இத்தனையும் ஒரு நொடிக்குள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும்! காக்கை இறகும் பன்றி மயிரும் சேர்ந்துதான் அந்தக் 'கன்னி' நாதம்.

வீணை வாசிப்பவர் விரலால் மீட்டுகிறார். இங்கே விரலுக்கும் தந்திக்கும் நடுவில் இந்த எந்திரம் நிற்கிறது. அதனால் ஒரு குறை உண்டு. எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும், எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் இறகு ஏறக்குறைய ஒரே பலத்தில்தான் மீட்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி சுத்தியல் வைத்துப் பியானோ செய்தது இந்தக் குறைக்குத்தான். மெல்லவும் ஓங்கியும் வாசிக்கலாம் என்பதே அதன் பெயர்.

இன்னொரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் இந்த வாத்தியம் ஒன்றே ஒன்று இருந்தாலும் 'ஒரு ஜோடி விர்ஜினல்ஸ்' என்றுதான் சொல்வார்கள். ஜோடி என்று இருப்பதால் இரண்டு பெட்டி என்று எண்ணிவிடக்கூடாது. கத்தரிக்கோல், கால்சட்டை இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் 'ஒரு ஜோடி' என்று சொல்கிறோமே, அப்படி. பல பாகங்கள் சேர்ந்த தொகுதி என்கிற பழைய பொருள்.

சரி, இந்தப் பெட்டிக்கு ஏன் கன்னிப் பெயர்?

நம் ஊர் நோட்ஸ் புத்தகங்களிலும் இணையத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காரணம் எழுதுகிறார்கள்: கன்னி ராணியான எலிசபெத் இதை வாசித்தார், அதனால் வந்த பெயர் என்று. வர்ஜீனியாவுக்குச் சரியாக வந்த கணக்கு இதற்கு வரவில்லை. எலிசபெத் பிறந்தது 1533. ஜெர்மானியரான செபாஸ்டியன் விர்டுங் 1511-ல் அச்சிட்ட வாத்தியங்கள் பற்றிய நூலிலேயே விர்ஜினல் படத்தோடு இருக்கிறது. எலிசபெத்தின் அக்கா மேரி 1520-ல், நாலு வயசில், பிரான்சிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் இதை வாசித்துக் காட்டியிருக்கிறார். அப்பா எட்டாம் ஹென்றியின் 1530-ஆம் வருஷச் செலவுக் கணக்கில் விர்ஜினல் வாங்கிய பணம் எழுதியிருக்கிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதன் பெயரை வாத்தியத்துக்கு எப்படி வைத்தார்கள்?

லத்தீனில் 'விர்கா' என்றால் குச்சி, கோல். அந்த ஜாக் குச்சியிலிருந்து வந்ததாக ஒரு கட்சி. மரியன்னையைப் பாடும் பாடல்களுக்கு வாசித்ததால் வந்ததாக ஒரு கட்சி. கன்னிப்பெண்கள் வாசித்ததால் என்று பெரிய கட்சி. இவற்றில் பழமையான சாட்சி ப்ராக் நகரத்துப் பாலிரினுஸ் என்கிற அறிஞருடையது, சுமார் 1460. கன்னிப்பெண்ணின் குரல்போல மென்மையாக, அலட்டலில்லாமல் ஒலிப்பதால் இந்தப் பெயர் என்கிறார் அவர். காலத்தால் வாத்தியத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன். ஆனாலும் பெண்பிள்ளை என்றால் மென்மையாகத்தான் பேசவேண்டும் என்று 1460-லேயே ஒருத்தர் தீர்மானித்து வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்கிறேன். நாங்கள் நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் எவள் குரலும் அப்படி இருந்ததாக ஞாபகமில்லை.

பெயர் எலிசபெத்தால் வரவில்லையே தவிர, அவர் நன்றாகவே வாசித்தார். அதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 1564-ல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தூதராக ஜேம்ஸ் மெல்வில் லண்டனுக்கு வந்தார். எலிசபெத்துக்கும் மேரிக்கும் உள்ளுக்குள் போட்டி. உங்கள் ராணி எப்படி வாசிப்பாள் என்று கேட்டாராம் எலிசபெத். ஒரு ராணிக்குப் போதுமான அளவு வாசிப்பார் என்றாராம் மெல்வில். தூதர் என்றால் இப்படிப் பேசத் தெரிய வேண்டும்! அன்று சாப்பாடு முடிந்ததும் எலிசபெத்தின் உறவினரான ஒரு பிரபு, மெல்வில்லைத் தற்செயலாகக் கூட்டிப்போவதுபோல ஒரு தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போகிறார். உள்ளே ராணி தனியாக விர்ஜினல் வாசித்துக்கொண்டிருக்கிறார். மெல்வில் திரைச்சீலையை விலக்கிவிட்டு உள்ளே போய் நின்று கேட்கிறார். பார்த்ததும் ராணி நிறுத்திவிட்டு, அடிக்க வருவதுபோல இடது கையை ஓங்கிக்கொண்டு வருகிறார். ஆண்கள் முன்னால் வாசிக்கிற வழக்கம் எனக்கில்லை. தனியாக இருக்கும்போது மனச்சோர்வை விரட்டத்தான் வாசிப்பேன் என்கிறார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: யார் நன்றாக வாசிக்கிறோம், நானா மேரியா? மெல்வில் வேறு என்ன சொல்வார்? நீங்கள்தான் என்றார்.

மொத்தமும் ராணியே ஏற்பாடு செய்த நாடகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருக்கட்டும். மனச்சோர்வை விரட்ட என்று சொன்னது மட்டும் நாடகமாக எனக்குப் படவில்லை. அம்மாவுக்கு அப்பாவே மரண தண்டனை கொடுத்தபோது அவருக்கு மூன்று வயது நிரம்பவில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'எலிசபெத் ராணியின் விர்ஜினல்' என்று ஒன்று இருக்கிறது. வெனிஸ் நகரத்தில் 1594 வாக்கில் செய்தது. அதில் அரச முத்திரையோடு, செங்கோல் பிடித்த ஒரு வல்லூறும் வரைந்திருக்கிறது. அந்த வல்லூறு அம்மா ஆன் போலினின் சின்னம். தலை வெட்டப்பட்ட அம்மாவின் சின்னத்தை மகள் அறுபது வயதுக்குப் பிறகும் வைத்திருந்தாள்.

அடுத்து ஒரு புத்தகம். இங்கிலாந்தில் விர்ஜினலுக்கென்று அச்சான முதல் இசைநூல் 'பார்த்தீனியா', 1612-13 வாக்கில். கிரேக்கத்தில் பார்த்தெனோஸ் என்றால் கன்னி. எழுபது தாண்டிய வில்லியம் பேர்ட், ஜான் புல், முப்பது வயது ஆர்லாண்டோ கிப்பன்ஸ் ஆகிய மூன்று பேருடைய 21 உருப்படிகள். முகப்பில் ஒரு பெண் வாசிப்பதுபோலச் செதுக்குப் படம். அச்சில் ஏறிய முதல் விர்ஜினல் இசையின் 'கன்னிமை' என்றே தலைப்பில் போட்டிருக்கிறார்கள். புதுசு, முதல் என்பது ஒரு பொருள். கல்யாணப் பெண்ணைப் பற்றிய கண்சிமிட்டல் இன்னொரு பொருள். ஏனென்றால் நூல் சமர்ப்பணம் ஆனது, ஜேம்ஸ் மன்னரின் மகள் எலிசபெத்துக்கும் அவளை மணக்கவிருந்த ஜெர்மானிய இளவரசர் ஃபிரெடரிக்குக்கும். கல்யாணம் 1613 பிப்ரவரி 14. பெண்ணுக்குப் பதினாறு வயது.

சில வருஷம் கழித்து இதற்குத் துணைநூல் ஒன்று வந்தது, 'பார்த்தீனியா இன்-வயலாட்டா'. இன்வயலாட்டா என்றால் லத்தீனில் கெடாத, தீண்டப்படாத. அதையே பிரித்துப் படித்தால் வயல் என்கிற வில் வாத்தியமும் சேர்ந்தது என்று பொருள். கன்னியோடு வயல் சேர்ந்தும் கன்னி கெடவில்லையாம். சிலேடை என்ற அளவில் காளமேகப் புலவர்கூட எழுந்து கைதட்டுவார். ஆனால் இந்தச் சிரிப்பெல்லாம் யார் சிரிப்பு? எழுதியவர், செதுக்கியவர் எல்லாம் ஆண்கள். அந்தப் பதினாறு வயசுப் பெண் புத்தகத்தைப் பிரித்ததும் சிரித்தாளா, முகம் சிவந்தாளா என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இசை என்னவோ அற்புதம். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கையெழுத்துப் பிரதி இருக்கிறது, ஏறக்குறைய 300 உருப்படிகள். 1899-ல்தான் முழுசாக அச்சிட்டார்கள். ஆலயமணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பதுபோல பேர்ட் எழுதிய 'தி பெல்ஸ்' அதில் இருக்கிறது. வண்டிக்காரன் சீழ்க்கை அடிக்கிற தெருமெட்டை எடுத்து அவர் அலங்காரம் பண்ணியதும் இருக்கிறது. யூடியூபில் தேடினால் கிடைக்கும். விர்ஜினலில் வாசித்ததாகப் பார்த்துக் கேளுங்கள்.

ஆண்ட்வெர்ப் நகரத்தில் ருக்கர்ஸ் என்று ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெட்டிகளைச் செய்தது. 'தாயும் சேயும்' என்று ஒரு வகை: பெரிய பெட்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி இழுப்பறைபோலச் செருகியிருக்கும். சேயை வெளியே எடுத்துத் தாயின் தலையில் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். கன்னி என்ற பெயருள்ள வாத்தியத்துக்குத் தாயும் சேயும் என்று ஒரு வகை வைத்தவர்களுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை! ஹான்ஸ் ருக்கர்ஸ் 1581-ல் செய்த அப்படி ஒன்று, தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் குஸ்கோ பக்கத்தில் ஒரு பண்ணைக்குச் சொந்தமான சின்னக் கோவிலில் கிடைத்து, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல் தாண்டி, மலை ஏறிப் போயிருக்கிறது.

இப்போது என் மாணவி பார்த்த ஓவியத்துக்கு வருகிறேன். டெல்ஃப்ட் நகரத்து வெர்மீர், 1670-72 வாக்கில் வரைந்தது. அதே கூடத்தில் அதற்கு ஜோடியாக இன்னொன்றும் உண்டு, விர்ஜினல் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண். நிற்கிறவளுக்குப் பின்னால் சுவரில் மன்மதன் படம். உட்கார்ந்திருப்பவளுக்குப் பின்னால் பாபுரன் வரைந்த ஒரு படம் மாட்டியிருக்கிறது. அது ஒரு தரகுக்காரி, காசு நீட்டும் ஆண், ஒரு பெண் என்று விலைமாதர் வீட்டுக் காட்சி. கன்னி வாத்தியத்துக்குப் பின்னால் இதை மாட்டி வைத்தவர் யோசிக்காமல் மாட்டியிருப்பாரா? இரண்டு பெண்களும் நம்மைத்தான் பார்க்கிறார்கள். உன் மனதில் எந்தப் படம் ஓடுகிறது என்று நம்மைக் கேட்பதுபோல இருக்கிறது. இதே மாதிரி விர்ஜினல் முன்னால் உட்கார்ந்த இன்னொரு பெண்ணின் படம், இரண்டு கைகளால் மறைத்துவிடக்கூடிய அளவு சின்னது, 2004-ல் 1.62 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது.

ஏன் ஓவியத்தில் எப்போதும் கல்யாணமாகாத பெண்ணே இந்தப் பெட்டி முன்னால் இருக்கிறாள்? காரணம் அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு வாத்தியம் ஒரு தகுதி. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ராபர்ட் பர்ட்டன் என்கிற ஆக்ஸ்ஃபோர்டு பாதிரியார், 1621-ல் முதலில் வெளிவந்த மனச்சோர்வு பற்றிய தன் பெரிய நூலில் இதைப் பிடித்துவிட்டார். பெற்றவர்கள் இவ்வளவு செலவழித்து, பிள்ளைகள் இவ்வளவு பாடுபட்டு ஆடவும் பாடவும் வாசிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். கல்யாணம் ஆனதும் வாத்தியத்தைத் தொடுவதுகூட இல்லை, அக்கறையே போய்விடுகிறது என்று அவர் குறைப்படுகிறார்.

அக்கறை போய்விடுகிறதாம். பர்ட்டன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருக்குத் தெரிய நியாயமில்லை.

எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் அக்கா வீணை வாசிப்பாள். கும்பகோணத்தில் ஏழு வருஷம் கற்றுக்கொண்டாள். எட்டு வயது முதல் தினமும் விடிகாலை ஒரு மணி நேரம். தஞ்சாவூரில் செய்த ஏகாண்ட வீணை. ஒரே பலாமரத்தில் குடைந்தது. அப்பா பத்து மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். 1971-ல் பெண் பார்க்க வந்தபோது அக்கா அரை மணி நேரம் வாசித்தாள். மாப்பிள்ளையின் அம்மா கண் மூடிக் கேட்டுவிட்டு, "லட்சணமா வாசிக்கறா" என்று சொன்னார்கள். கல்யாணம் நிச்சயமாயிற்று. அதுதான் அவள் மற்றவர்கள் முன்னால் வாசித்த கடைசித் தடவை.

வாசிக்காதே என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள். ஆனால் பதினோரு பேர் இருந்த வீடு. விடிகாலை ஒரு மணி நேரம் என்பது அந்த வீட்டில் அடுப்புக்கும் கிணற்றடிக்கும் சொந்தமானது. வீணையைக் கொண்டுபோக வேண்டாம், அங்கே வைக்க இடமில்லை என்று அப்பா சொன்னார். தலைப்பிரசவத்துக்கு வந்தபோது உறையைப் பிரித்தாள். வயிறு இடித்தது, வைத்துவிட்டாள். ரெண்டாவது பிரசவத்தின்போது பிரிக்கவே இல்லை. பிறகு அது பரணுக்குப் போயிற்று. இருபத்து நாலு மெட்டும் பதித்திருக்கும் மெழுகு வெயிலில் வெடித்துப்போயிற்று. நான் கல்யாணம் ஆகியும் வேலைக்குப் போனேன், சம்பளம் வந்தது, அதனால் என் ஆங்கிலத்தைப் பரணில் போடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அக்கா கற்றுக்கொண்டதுக்குச் சம்பளம் இல்லை. மாப்பிள்ளை வந்ததும் அதன் வேலை முடிந்துவிட்டதாக எல்லாருமே நினைத்துக்கொண்டோம்.

விர்ஜினல் என்ற சொல்லின் இரண்டு பொருளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு இதுதான் உறுத்துகிறது. தாவணிக்கு ஒரு காலம் என்பதுபோல வாத்தியத்துக்கும் ஒரு காலம் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலம் முடிந்ததும் மூடியைச் சாத்திவிட வேண்டும்.

அத்தனை பேரும் சாத்திவிடவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1666 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் பற்றி எரிகிறது. நாலைந்து நாளில் 13,200 வீடுகள் சாம்பல். ஜனங்கள் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு தேம்ஸ் நதிக்கு ஓடிவந்து படகில் ஏற்றுகிறார்கள். சாமுவேல் பீப்ஸ் என்கிற கடற்படை அலுவலர் அன்றைய நாட்குறிப்பில் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார்: வீட்டுச் சாமான் ஏற்றிய படகுகளில் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றில் ஒரு ஜோடி விர்ஜினல்ஸ் இருந்தது. நெருப்பு துரத்தும்போது அண்டா குண்டானை விட்டுவிட்டு இதைத் தூக்கி வந்திருக்கிறார்கள். விலை உயர்ந்த பொருள் என்பதால் இருக்கலாம். ஆனால் அத்தனை படகிலும் விலை மட்டுமா ஏறியிருக்கும்?

மாணவிக்கு நான் அனுப்பிய பதிலோடு பேர்டின் 'தி பெல்ஸ்' இணைப்பையும் அனுப்பியிருந்தேன். அதையே திருச்சியில் இருக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். எழுபத்தைந்து வயதாகிறது. அத்திம்பேர் போய் ஆறு வருஷம். பேத்தி வாங்கிக்கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணினாள்.

"என்னடி இது, கட்டையை அழுத்தறா, தந்தி சத்தம் வரது?"

இறகு, ஜாக், பன்றி மயிர் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் கேட்டாள் பாருங்கள், ஐம்பது வருஷத்துக்கு மேலாக வீணையைத் தொடாதவள்:

"கமகம் வருமா அதுல?"

வராது. வீணையில் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் வளையும். விர்ஜினலில் விரல் தந்திக்குப் பக்கத்திலேயே போக முடியாது; இறகு மீட்டியதும் கட்டைக்கும் தந்திக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். கிளாவிகார்ட் என்று அதன் சொந்தக்காரப் பெட்டி ஒன்று உண்டு, அதில் மட்டும் கட்டையை அழுத்திக்கொண்டே லேசாக அசைக்கலாம். விர்ஜினல்காரர்கள் அதற்குப் பதிலாகப் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத் தொட்டு உதறல் கொடுப்பார்கள். பழைய பிரதிகளில் அந்த இடத்தில் ஒற்றைக் கோடோ இரட்டைக் கோடோ கிழித்திருக்கும். இதையும் சொன்னேன்.

"வளைக்க முடியாதா? ஐயோ பாவம்டி அந்தப் பொண்கள்," என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆனா அந்த மணி ஒண்ணுக்கு மேல ஒண்ணு விழற இடம் நன்னாருக்கு. எட்டாவது நிமிஷத்துக்கு முன்னாடி வரதே, அது. திருப்பிக் கேக்கணும், எப்படிப் பின்னாடி போறதுன்னு சொல்லு" என்றாள்.

திரையில் விரலை வைத்து இடது பக்கம் தள்ளு அக்கா என்றேன்.